கார்ட்டன் ஸ்டீல் சிற்பம், முகப்பு உறை: கிரேடு, வெல்டிங், கறை, துருப்படலம் பற்றிய சந்தேகங்கள்

#1 கோணவடிவு

வணக்கம். ஒரு பொதுச் சதுக்கத்துக்குச் சிற்பமும், அதை ஒட்டிய கட்டடத்துக்கு முகப்பு உறையும் கார்ட்டன் ஸ்டீலில் (வெளியில் தானே ஒரு காப்புத் துருப்படலம் போட்டுக்கொள்ளும் எஃகு) வரைந்துகொண்டிருக்கிறோம். சிற்பம் 4 மீட்டர் உயரம், உள்ளீடற்ற பெட்டி, லேசாகச் சாய்ந்த நான்கு முகங்கள், 6 மி.மீ. பிளேட். பீடம் வெளிர் நிற கிரானைட். முகப்பு 2 மி.மீ. ஷீட், ஏறக்குறைய 300 சதுர மீட்டர். தளத்திலிருந்து கடல் 5 கி.மீ.

எந்த கிரேடு கேட்க வேண்டும்? பெட்டியை முழுக்க மூடி வெல்ட் செய்வதா, ஓட்டை விடுவதா? திறப்பு நாளிலேயே பழுத்த நிறம் வேண்டும் என்கிறார்கள், ரசாயனம் தெளித்தால் போதுமா? கிளியர் கோட் (நிறமற்ற பூச்சு) அடித்தால் கறை வழிவது நிற்குமா?

#2 உலோகவியலன்

ஆர்டரில் "கார்ட்டன்" என்று மட்டும் எழுதாதீர்கள். அது யு.எஸ். ஸ்டீல் 1930களில் கொண்டுவந்த வணிகப் பெயர், முதலில் நிலக்கரி ரயில் பெட்டிகளுக்காக வந்த உலோகம். வெறும் பெயரை எழுதினால் எது வேண்டுமானாலும் வந்து இறங்கும். தரநிலை எண்ணை எழுதுங்கள்.

இரண்டு குடும்பம் உண்டு. ஏ.எஸ்.டி.எம். (அமெரிக்கத் தரநிலை) ஏ242 அல்லது ஐரோப்பிய எஸ்355ஜே0டபிள்யூபி என்பதில் பாஸ்பரஸ் அதிகம், 0.15 சதவீதம் வரை. நிறம் அழகாக வரும். ஆனால் வெல்டில் சூட்டு விரிசலுக்கு இடம் கொடுக்கும், தடிமனும் 12 மி.மீ. அளவில் நின்றுவிடும். ஏ588 அல்லது எஸ்355ஜே2டபிள்யூ என்பதில் பாஸ்பரஸ் குறைவு, வெல்டிங்குக்கு நல்லது, நெகிழ்வு வலிமை (நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் அளவு) 345-355 மெகாபாஸ்கல். உங்கள் பெட்டிக்கு இரண்டாவது. முகப்பு ஷீட்டுக்கு ஏ606 டைப் 4. அதே ஏ606இல் டைப் 2 என்றும் ஒன்று உண்டு, அதன் துருத் தாங்கும் திறன் குறைவு. "4" என்ற எண்ணை விட்டுவிடக் கூடாது.

சரக்கு வந்ததும் மில் சான்றிதழை (ஆலை தரும் வேதிக்கலவைச் சான்று) வாங்கி, துருத் தாங்கும் திறனை மதிப்பிடும் ஏ.எஸ்.டி.எம். ஜி101 கணக்கைப் போட்டுப் பாருங்கள்:

26.01×செம்பு + 3.88×நிக்கல் + 1.20×குரோமியம் + 1.49×சிலிக்கன் + 17.28×பாஸ்பரஸ் − 7.29×செம்பு×நிக்கல் − 9.10×நிக்கல்×பாஸ்பரஸ் − 33.39×செம்பு×செம்பு

எல்லாம் எடைச் சதவீதம். விடை 6.0க்குக் குறையக் கூடாது. செம்பு 0.30, நிக்கல் 0.20, குரோமியம் 0.50, சிலிக்கன் 0.30, பாஸ்பரஸ் 0.02 என்றால் 6.49 வரும். சாதாரண எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) 1 முதல் 2க்குள் நிற்கும். சந்தேகம் இருந்தால் கையடக்க எக்ஸ்-ரே கருவியால் செம்பையும் குரோமியத்தையும் பார்த்தாலே போதும், போலி அங்கேயே மாட்டிக்கொள்ளும். முதல் ஆறு மாதம் எம்.எஸ்.ஸும் இதே ஆரஞ்சு நிறத்தில்தான் துருப்பிடிக்கும், கண்ணால் பிரிக்க முடியாது.

இந்த உலோகம் துருப்பிடிக்காதது அல்ல. நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து காயும்போது முதலில் உண்டாகும் லெபிடோகுரோசைட் என்ற துருக்கனிமம் மெல்ல மெல்ல நெருக்கமான கோதைட் என்ற இன்னொன்றாக மாறுகிறது. உலோகத்தை ஒட்டிய அந்த அடுக்கில் குரோமியமும் செம்பும் சேர்ந்து இறுகி ஆக்சிஜனையும் ஈரத்தையும் மட்டுப்படுத்துகின்றன. இந்தச் சங்கிலியில் "காய்ந்து" என்ற கண்ணி அறுந்தால் நீங்கள் வாங்கியது விலை கூடிய எம்.எஸ். மட்டுமே. இழையில் இனி வரப்போகிற பாதிப் பிரச்சினைகள் இங்கிருந்துதான் கிளைக்கும்.

#3 பற்றவைப்பு_பாரி

வெல்டிங் பக்கம். ஒரே பாஸில் (ஒரே ஓட்டத்தில்) முடியும் 8 மி.மீ. வரையிலான ஃபில்லெட் மூலை வெல்டுக்குச் சாதாரண 70 வரிசை எலக்ட்ரோடு போதும். தாய்த் தகட்டின் செம்பும் குரோமியமும் கரைந்து கலந்துவிடும். பல பாஸ் போடுகிற இடத்தில், வெளியே தெரியும் கடைசிப் பாஸ்களாவது ஈ8018-டபிள்யூ2 போல ஒத்த வேதிக்கலவை உள்ள ராடாக இருக்க வேண்டும். ஃப்ளக்ஸ் கோர் வயர் என்றால் ஈ81டி1-டபிள்யூ2. எல்லாவற்றையும் ஈஆர்70எஸ்-6 வயரால் நிரப்பினால் வலிமைக்குக் குறை இருக்காது. ஆனால் கோடு தனி நிறத்தில் நிற்கும், ஆண்டுகள் போகப் போகக் கொஞ்சம் குழியும். 6 மி.மீ.க்கு முன்சூடு தேவையில்லை, தகடு உலர்ந்திருந்தால் சரி.

கட்டிங்: ஆக்சிஜன் வைத்து லேசரில் வெட்டினால் விளிம்பில் கறுப்பு ஆக்சைடு ஒட்டிக்கொள்ளும், சில வாரத்தில் பட்டையாக உரியும். கிரைண்ட் செய்து எடுங்கள், இல்லாவிட்டால் நைட்ரஜனில் வெட்டச் சொல்லுங்கள். மடிப்பு இருந்தால் உருட்டல் திசைக்குக் குறுக்காக மடியுங்கள், உள் ஆரத்தைத் தடிமனைப்போல் மூன்று மடங்கு வைத்தால் கவலையில்லை.

வரிசை முக்கியம்: வெல்ட், கிரைண்ட், அதன் பிறகுதான் பிளாஸ்டிங் (துகள்களை வீசிப் பரப்பைச் சுத்தம் செய்வது). பிளாஸ்ட் முடிந்த பிறகு ஒரு இடத்தை மட்டும் கிரைண்ட் செய்தால் அந்த இடம் வழவழப்பாகி வேறு வேகத்தில் நிறம் பிடிக்கும், தூரத்திலிருந்தே தெரியும். முழுப் பரப்பும் எஸ்ஏ 2½ அளவுக்கு (ஏறக்குறைய வெற்று உலோகம் தெரியும் சுத்தம்) வர வேண்டும். மில் ஸ்கேலை (ஆலையில் உருட்டும்போது ஒட்டிய ஆக்சைடுத் தோல்) அப்படியே விட்டால் அதுவும் ஒருநாள் கழன்றுவிடும் என்பார்கள். கழலும்தான், திட்டுத் திட்டாக, ஆண்டுக்கணக்கில்.

ஆயில் சாக், பெயின்ட் மார்க்கர், ஸ்டிக்கர், எண்ணெய்க் கை எல்லாம் படலத்தில் அச்சாகப் பதியும். பகுதி எண்களைப் பின்புறம் பஞ்ச் அடியுங்கள். பிளாஸ்ட் ஆன தகட்டை ஒன்றன்மேல் ஒன்றாக வெளியில் அடுக்காதீர்கள். இடையில் வைத்த கட்டைகளின் கோடு அப்படியே விழும், நடுவில் நனைந்த தகடோ காயவே காயாது.

#4 கோணவடிவு

நன்றி. பெட்டியை மூடுவதா என்ற கேள்விக்கு யாரும் வரவில்லையே? ஸ்ட்ரக்சுரல் பக்கம் "முழுக்க மூடு, உள்ளே ஆக்சிஜன் தீர்ந்துவிடும், துரு நின்றுவிடும்" என்கிறார்கள்.

#5 பற்றவைப்பு_பாரி

சொல்வது சரிதான், உண்மையிலேயே மூடினால். 4 மீட்டர் பெட்டியில் ஒரு பின்ஹோல் போதும். பகலில் காற்று விரிந்து வெளியேறும், இரவில் சுருங்கும்போது ஈரக்காற்றையும் வெல்டின் மேல் நிற்கும் மழைத்தண்ணீரையும் உள்ளே இழுக்கும். உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழி கிடையாது. அரைகுறையாக மூடியதுதான் மூன்று வாய்ப்புகளில் மிக மோசம்.

சரி, கச்சிதமாகவே மூடினோம் என்று வையுங்கள். 20 டிகிரியில் மூடிய காற்று வெயிலில் 60 டிகிரிக்குப் போனால் அழுத்தம் 0.14 பார் அளவுக்கு ஏறப் பார்க்கும். சதுர மீட்டருக்கு 1.4 டன். தகடு வெளியே உப்பி அதில் பெரும்பகுதியைத் தணித்துவிடும், ஆனால் அந்த உப்பல்தான் பிரச்சினை. 1 மீட்டர் அகலத் தட்டை முகத்தில் சாய்வெயில் பட்டால் அலை தெரியும். கசிவுச் சோதனைக்குக் கம்ப்ரஸரை நேராக மாட்டுபவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும். வெறும் 0.02 பார்கூட சதுர மீட்டருக்கு 200 கிலோ.

ஆகவே காற்றோட்டம் விடுங்கள். அடித்தட்டை ஒரு மூலைக்குச் சாய்த்து, மிகத் தாழ்ந்த இடத்தில் 30 மி.மீ. ஓட்டை இரண்டு. ஒன்று இலையாலோ குளவிக் கூட்டாலோ அடைபடும், அதற்காகத்தான் இரண்டாவது. மேலே, கீழ்நோக்கிய முகத்தில் மழை படாதபடி ஒரு காற்றுத் துளை, ஸ்டெயின்லெஸ் வலையோடு. உள் ஸ்டிஃப்னர்களின் (விறைப்புத் தகடுகளின்) மூலைகளை 40 மி.மீ. வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு ஸ்டிஃப்னரும் ஒரு தொட்டி. உள்பக்கத்துக்கு எபாக்ஸி அடிப்பது நல்லது. கை போகாத இடம் என்றால் உள்முகத்துக்கு 0.5 மி.மீ. தேய்மானக் கணக்கு வையுங்கள்.

#6 முகப்பு_மதி

கிளியர் கோட்டுக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த வெளிர் கிரானைட் பீடம். மாற்ற வழி இருந்தால் இப்போதே மாற்றுங்கள். முதல் ஆறு மாதம் துருநீர் வழிவது மிக அதிகம், இரண்டு ஆண்டு வரை குறைந்துகொண்டே போகும், அதன் பிறகும் சுத்தமாக நிற்காது. பிட்ஸ்பர்க்கில் 1970இல் முடிந்த யு.எஸ். ஸ்டீல் கோபுரத்தைச் சுற்றிய நடைபாதைகள் ஆரம்ப ஆண்டுகளில் கறை பட்டது ஊரறிந்த கதை. அந்த உலோகத்தை விற்ற நிறுவனத்தின் சொந்தத் தலைமையகம் அது!

பீடத்தை மாற்ற முடியாது என்றால்: சிற்பத்தைக் கல்மேல் நேராக உட்கார வைக்காதீர்கள். 40-50 மி.மீ. உயரத் தாங்கிகள், அடியில் மறைவாக ஸ்டெயின்லெஸ் தட்டு, அதிலிருந்து குழாய் வழியே வடிகால். வெளிமுகங்களின் கீழ் விளிம்பில் தண்ணீர் சொட்டும் இடம் பீடத்துக்கு வெளியே விழ வேண்டும், அங்கே 300 மி.மீ. அகலத்துக்கு அடர்நிறச் சரளை. காற்றடித்தால் சொட்டு நேராக விழாது, 300ஐக் குறைக்காதீர்கள்.

கான்கிரீட்டில் புதைக்கும் அல்லது கிரவுட்டில் உட்காரும் பகுதிக்கு, மேலே 75 மி.மீ. வரை ஏற்றி எபாக்ஸி அடித்து, சந்திப்பில் தண்ணீர் வெளிப்பக்கம் ஓடும்படி சாய்வு கொடுங்கள். மண்ணைத் தொடும் செடித்தொட்டிகளுக்கும் இதேதான். மண்ணுக்குள் கார்ட்டனுக்கு எந்தச் சிறப்பும் இல்லை.

முகப்பு: ஷீட்டுக்குப் பின்னால் குறைந்தது 40 மி.மீ. காற்றிடம், கீழும் மேலும் திறப்பு. தட்டுகளுக்கு இடையே 10-15 மி.மீ. திறந்த இணைப்பு. சிலிக்கோன் சீலன்டை நம்பாதீர்கள். அது துருவைத்தான் பிடித்துக்கொள்ளும், துரு உலோகத்தை விடும்போது சீலன்டும் கையோடு வந்துவிடும். அலுமினிய அல்லது கால்வனைஸ் பிராக்கெட்டுக்கும் ஷீட்டுக்கும் நடுவே ஈ.பி.டி.எம். ரப்பர் அட்டை, நைலான் புஷ். ஜன்னல் தலைக்கு மேலே சொட்டுவிளிம்பு கட்டாயம், கண்ணாடியில் காய்ந்த துருநீரை மாதங்கள் கழித்துத் துடைத்தால் போகாது. இதே ஷீட்டைக் கூரைக்கும் திருப்பலாமா என்று யாராவது கேட்டால், வேண்டாம். கூரையில் தண்ணீரும் குப்பையும் நிற்கும், 2 மி.மீ. ஓட்டையாகும்.

1964இல் ஈரோ சாரினென் வடிவமைப்பில் முடிந்த ஜான் டியர் நிறுவனத்தின் கார்ட்டன் தலைமையகத்தை எல்லோரும் முன்மாதிரியாகக் காட்டுவார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. அட்லான்டாவில் 1972இல் திறந்த ஓம்னி அரங்கத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டும். ஈரப்பதம் மிகுந்த ஊர், தகட்டில் ஓட்டை விழுந்தது, 1997இல் இடித்துவிட்டார்கள். இடித்ததற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் தகடு தோற்றது உண்மை.

#7 விரைவுத்துரு

ரொம்பத்தான் பயமுறுத்துகிறீர்கள். நிறத்துக்குச் சுலப வழி இருக்கிறது. 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 475 மி.லி., வெள்ளை வினிகர் 60 மி.லி., உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி. கலக்கித் தெளித்தால் பத்து நிமிடத்தில் ஆரஞ்சு. மூன்று நான்கு முறை தெளித்தால் திறப்பு விழாவுக்கு ரெடி.

#8 உலோகவியலன்

நிறம் வரும், மறுக்கவில்லை. வருவது மாவுத்துரு, விரல் வைத்தால் ஒட்டும், முதல் பெருமழையில் பாதி கழுவிக்கொண்டு போய்ப் பீடத்தில் சேரும். அதைவிடப் பெரிய சிக்கல் உப்பு. குளோரைடு படலத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொண்டு அங்கேயே ஈரத்தை இழுத்துக்கொண்டிருக்கும். கடலோரத்தில் வைக்காதே என்று எந்தக் காரணத்துக்காகச் சொல்கிறோமோ, அதையே கையால் தெளிக்கிறோம். வீட்டுத் தோட்டத்து அலங்காரத் துண்டுக்குச் சரி, 300 சதுர மீட்டருக்கு வேண்டாம்.

அந்தக் கலவையை மூடிய புட்டியில் வைக்கவும் கூடாது. வாயு சேர்ந்து வெடிக்கும், பெரஅசிட்டிக் அமிலமும் கொஞ்சம் உண்டாகும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் ஸ்ப்ரே செய்யும் காணொளிகளைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது.

#9 விரைவுத்துரு

சரி, உப்பை விட்டுவிட்டால்? வெறும் தண்ணீரில் எத்தனை நாள் ஆகும் என்று சொல்லுங்கள், உரிமையாளரிடம் அதைத்தானே அவர் சொல்ல வேண்டும்.

#10 உலோகவியலன்

நியாயமான கேள்வி. பிளாஸ்ட் ஆன தகட்டை, கட்டடத்தில் எந்தச் சாய்வில் நிற்குமோ அதே சாய்வில் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். குளோரின் இல்லாத, உப்புக் குறைந்த தண்ணீரைப் பனிபோல் மெல்லிய மிஸ்டாக அடியுங்கள். வழிந்து ஓடினால் நிறுத்துங்கள், ஓடிய கோடு மாதக்கணக்கில் தெரியும். முழுக்கக் காய விட்டு அடுத்த சுற்று. நல்ல வெயிலில் நாளுக்கு மூன்று நான்கு சுற்று. இரண்டாம் வாரம் சீரான ஆரஞ்சு, இரண்டு மூன்று மாதத்தில் செம்பழுப்பு. அடர்பழுப்பு வேண்டுமென்றால் அது தளத்தில் 18 மாதம் முதல் 3 ஆண்டில் தானாக வரும், யாராலும் அவசரப்படுத்த முடியாது. நியூயார்க் புரூக்ளினில் 2012இல் திறந்த பார்க்லேஸ் அரங்கின் சுமார் 12,000 தட்டுகளையும் இப்படித்தான் நிறுவுவதற்கு முன்பே பல மாதம் நனைத்துக் காயவைத்தார்கள். அட்டவணையில் மூன்று மாதம் ஒதுக்கினால் கெமிக்கல் பேச்சே எழாது.

முக்கியமாக, எல்லாப் பக்கமும் ஒரே நிறம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். மழையும் வெயிலும் படும் முகம் வழவழப்பாக அடர்ந்து வரும். நிழல் முகம் சொரசொரப்பாக, வெளிறி நிற்கும்.

#11 உப்புக்காற்று

5 கி.மீ. என்றதும் எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். பிரிட்டிஷ் பால வழிகாட்டிகள் கடலிலிருந்து 2 கி.மீ.க்குள் தவிர்க்கச் சொல்கின்றன, குளோரைடு படிவு நாளுக்குச் சதுர மீட்டருக்கு 300 மி.கி. தாண்டினால் கூடாது என்கின்றன. ஜப்பானில் பாலங்களுக்கான வரம்பு நாளுக்கு 100 சதுர செ.மீ.க்கு 0.05 மி.கி., அதாவது சதுர மீட்டருக்கு 5 மி.கி. அளக்கும் முறை வேறு, அதனால் நேராக ஒப்பிட முடியாது. இருந்தாலும் இடைவெளி 60 மடங்கு! என் ஓட்டு ஜப்பான் பக்கம், ஏனெனில் பாலத்தின் தகடு தடிமன், உங்கள் ஷீட் 2 மி.மீ.

தூரத்தைவிடக் காற்றுத் திசைதான் பேசும். அலை உடையும் கரையிலிருந்து நேராகக் காற்று வந்தால் 5 கி.மீ.யிலும் உப்பு வரும். குன்று மறைத்தால் 1.5 கி.மீ.யிலும் வராது. ஈரத்திரிச் சோதனையை (நனைந்த திரியில் படியும் உப்பை அளப்பது) ஒரு முழு ஆண்டு வைத்துப் பார்ப்பது உத்தமம். முடியாவிட்டால் பக்கத்து கால்வனைஸ் வேலிகளையும் ஏசி வெளிப்பெட்டிகளையும் பாருங்கள், அவையே பாதிச் சேதி சொல்லும். ஹோனலுலுவில் 1975இல் திறந்த அலோஹா ஸ்டேடியம் கார்ட்டனில் கட்டியது. உப்புக்காற்றில் படலம் நிலைக்கவே இல்லை, பழுதுபார்ப்பு முடியாத கதையாக ஓடியது.

மழை படாத கீழ்முகங்களைத்தான் முதலில் பாருங்கள். படிந்த உப்பைக் கழுவ ஆளில்லாத இடம் அது. கடலோரத்துக்கென்றே 3 சதவீத நிக்கல் வகையும் ஜப்பானிய ஆலைகள் செய்கின்றன, கிடைத்தால் யோசிக்கலாம்.

#12 முகப்பு_மதி

கிளியர் கோட்: வெளியே வேண்டாம். படலத்தின் மேல் ஃபிலிம் போட்டால் படலம் வளர்வது நிற்கும், ஈரத்தோற்றம் வந்து நிறம் இருளும், கீறல் விழுந்த இடத்தில் தண்ணீர் ஃபிலிமுக்கு அடியில் நகரும். சில ஆண்டில் மேகம் மேகமாக வெளுத்து உரியும், மறுபடி அடிக்க முழுவதையும் பிளாஸ்ட் செய்ய வேண்டும். வண்ணம் அடிக்கும் பராமரிப்பைத் தவிர்க்கத்தான் இந்த உலோகத்தையே எடுத்தோம்.

#13 பற்றவைப்பு_பாரி

மதி சார், முழுக்க ஒத்துக்கொள்ள முடியவில்லை. பொதுச் சதுக்கம் இது. குழந்தைகள் சாய்வார்கள், வெள்ளைச் சட்டைக்காரர் உட்காருவார். முதல் இரண்டு ஆண்டு துணியில் ஒட்டும். தரையிலிருந்து 2 மீட்டர் வரையாவது ஏதாவது செய்தாக வேண்டும். உள்ளரங்கத்திலும் சீல் செய்வது தப்பில்லை, அங்கே படலம் வளர மழையே இல்லையே.

#14 முகப்பு_மதி

உள்ளரங்கம் சரி, ஒப்புக்கொள்கிறேன். வெளியே 2 மீட்டரில் கோடு போட்டு நிறுத்தினால் அந்தக் கோடு காலத்துக்கும் தெரியும். அதற்குப் பதில் தளர்ந்த துருவை நைலான் பிரஷால் தேய்த்துக் கழுவிய பிறகு திறக்கலாம். சிற்பத்தைச் சுற்றிச் சரளைப் பட்டை எப்படியும் வருகிறது, அதை 600 ஆக்கினால் சாய்வதும் குறையும். மெல்லிய மெழுகு வேண்டுமானால் பூசுங்கள், ஆண்டுக்கு இருமுறை புதுப்பிக்க ஆள் இருந்தால் மட்டும்.

#15 கோணவடிவு

மெழுகுக்கு ஆள் இருக்காது, 600 சரளைதான். சிற்பத்தை இரண்டு துண்டாகக் கொண்டுபோய் நடுவில் போல்ட் செய்யலாமா? கால்வனைஸ் போல்ட் கைவசம் இருக்கிறது.

#16 பற்றவைப்பு_பாரி

கைவசம் இருப்பதை வேறு வேலைக்கு வையுங்கள். துத்தநாகம் சுற்றியுள்ள பெரிய இரும்புப் பரப்புக்காகக் கரைந்து சீக்கிரம் தீரும். ஏ325 டைப் 3 (கார்ட்டன் வகை) போல்ட், நட், வாஷர் மூன்றும் அதே வகையில். ஸ்டெயின்லெஸும் ஓடும், பரப்பு சிறியது என்பதால் ஆபத்து குறைவு.

இடுக்குத்துருதான் இங்கே எதிரி. ஒன்றன்மேல் ஒன்று படிந்த இரண்டு தகடுகளுக்கு நடுவே ஈரம் போனால் துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், தகட்டை வளைக்கும், போல்ட்டைக்கூட அறுக்கும். விதி: போல்ட் இடைவெளி மெல்லிய தகட்டின் தடிமனைப்போல் 14 மடங்குக்குள், அதிகபட்சம் 175 மி.மீ. விளிம்பு தூரம் 8 மடங்குக்குள், அதிகபட்சம் 125 மி.மீ. உங்கள் 6 மி.மீ.க்கு 84, 48. ஃப்ளேஞ்சைப் பெட்டிக்கு உள்ளே வைத்து, தொடும் முகங்களுக்கு பிரைமர் அடித்து, வெளியே தெரியும் கோட்டைத் தளத்தில் வெல்ட் செய்யலாம். பிறகு அந்தப் பட்டையைத் தனியாக பிளாஸ்ட் செய்து நனைத்துக் காயவைக்க வேண்டும். மூன்று நான்கு மாதம் பட்டை தெரியும், அப்புறம் கலந்துவிடும்.

2 மி.மீ. முகப்புக்கு இந்த விதி 28 மி.மீ. என்று வரும், யாரும் அப்படி அடிக்கப்போவதில்லை. அதனால்தான் அங்கே ஷீட்டை ஷீட்மேல் ஏற்றாதீர்கள், பெட்டித்தட்டாக மடித்துத் தனித்தனியே தொங்கவிடுங்கள் என்கிறோம்.

#17 உலோகவியலன்

தடிமன் பற்றி ஒரு வார்த்தை. பிரிட்டிஷ் பாலக் கணக்கில் வெளிமுகம் ஒன்றுக்கு சூழலைப் பொறுத்து 1.0 அல்லது 1.5 மி.மீ. தேய்மானம் வைக்கிறார்கள், 120 ஆண்டுக்கு. சிற்பி ரிச்சர்ட் செர்ராவின் 5 செ.மீ. தகடுகளுக்கு அது ஒன்றுமே இல்லை. 1998இல் இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட்டில் நிறுவிய ஆன்டனி கோர்ம்லியின் வடதிசைத் தேவதைச் சிற்பம் 20 மீட்டர் உயரம், 54 மீட்டர் இறக்கை, 200 டன், அங்கேயும் சதை இருக்கிறது. 2 மி.மீ. ஷீட்டில் முன்னும் பின்னும் அரை மி.மீ. போனால் பாதி போச்சு. முகப்பை 3 மி.மீ. ஆக்க முடிந்தால் ஆக்குங்கள், எடை சதுர மீட்டருக்கு 15.7 கிலோவிலிருந்து 23.6 ஆகும், பிராக்கெட்டை அதற்கேற்பப் பாருங்கள்.

ஆய்வுக்கு டேப் சோதனை போதும். அகலமான ஒட்டுநாடாவை அழுத்தி உரியுங்கள். 1 மி.மீ.க்குக் குறைந்த சீரான தூள் என்றால் அருமை. 1 முதல் 5 மி.மீ. சாதாரணம். 5 முதல் 25 மி.மீ. செதில் வந்தால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். அதற்கு மேல் அடுக்கடுக்காகப் பெயர்ந்தால் அந்த இடத்தில் படலம் தோற்றுவிட்டது, சுரண்டி பிளாஸ்ட் செய்து பெயின்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை. முதல் மூன்று ஆண்டு ஆண்டுதோறும், பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, எப்போதும் அதே இடங்களில்.

#18 கோணவடிவு

3 மி.மீ.க்குக் கணக்குப் போடுகிறேன். கடைசியாக ஒன்று: பீடத்தில் கறை விழுந்தே விட்டால் எதைக் கொண்டு எடுப்பது?

#19 முகப்பு_மதி

ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பக்கத்தில் விடாதீர்கள், கிரானைட்டிலேயே இரும்புக் கனிமம் இருந்தால் கல் உள்ளிருந்து மஞ்சளாகும். ஆக்சாலிக் அமிலம் 5 சதவீதம், காகிதக்கூழில் குழைத்துப் பற்றுப் போட்டு, பிளாஸ்டிக் மூடி, சில மணி நேரம் விட்டு, நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கழுவும் தண்ணீர் சிற்பத்தின்மேல் தெறிக்கக் கூடாது, படலத்தையும் அது கரைக்கும். மறைவான கல்லில் முதலில் சோதியுங்கள். சலவைக்கல், சுண்ணாம்புக்கல்லில் இதைத் தொடவே கூடாது. சிற்பத்தை ஏற்றுவதற்கு முன்பே கல்லுக்கு சிலேன்-சிலாக்சேன் (நீர்விலக்கி) ஊட்டிவிட்டால் கறை ஆழமாக இறங்காது. ஏற்றிய பிறகு அடிப்பகுதிக்கு பிரஷ் போகாது.